பக்கத்துல வந்துட்டேன்

ஆத்தா, தம்பி, அப்பாதான் எழுதுறேன். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிங்க.

போன வாரம் காலேஜ் பேச்சு வந்தப்ப, ஆத்தா நீ சொன்ன: “ஹாஸ்டல் எல்லாம் எதுக்குப்பா? மதுரை பக்கந்தான. தினம் போயிட்டு வந்துருவேன்.” உடனே தம்பி போன் பேசுற மாதிரி காதுல கையை வச்சுக்கிட்டு, “பக்கத்துல வந்துட்டேன், பக்கத்துல வந்துட்டேன்” என்று குரலை மாத்திப் பேசிக் காட்டினான். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. உங்க அம்மா சிரிக்காமல் எந்திரிச்சு அடுப்படிக்குப் போனதை நீங்க கவனிக்கலை.

அது மதுரை சார் பேச்சு. அவர் ஊரை விட்டுப் போன பிறகு ஊரே அதை ஒரு கேலியாக வச்சுக்கிச்சு. சந்தைக்குப் போனவன் நேரம் கழிச்சு வந்தால், “என்னப்பா, பக்கத்துல வந்துட்டியா?” என்கிறார்கள். அவர் எதுக்காக அப்படிச் சொன்னார், அதனால் என்ன ஆச்சு என்பது உங்களுக்குப் பாதிதான் தெரியும். அப்ப நீங்க சின்னப்பிள்ளைங்க.

அவரை நான் முதல்ல பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம்ம லோடு வண்டியில் ஆத்தங்குடிக் கல் ஏத்திக்கிட்டுப் போயிருந்தேன். ஊர்க் கடைசியில், பள்ளிக்கூடம் தாண்டி, தனியாக ஒரு புது வீடு. சுவர் பூசி முடிச்சு, தரைக்குக் கல் பதிக்கிற நேரம். சட்டையை இன் பண்ணி, காலில் ஷூவோட ஒருத்தர் வந்து, ஆளுங்களோடு ஆளாக நின்று கல்லை ஒவ்வொண்ணா வாங்கி இறக்கினார். பச்சைப்பிள்ளையை வாங்குற மாதிரி ரெண்டு கையாலும் வாங்கினார்.

“மதுரையில இருந்தா வாரீக?” என்று கேட்டேன்.

“ஆமாண்ணே. பக்கந்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை மதுரை மாட்டுத்தாவணிக்கு வண்டி ஓட்டுறவன் நான். “பக்கமா சார்? போய்ட்டு வந்தா எனக்கு இடுப்பு கழண்டுருது.”

“என்னண்ணே நீங்க. மேலூர், திருப்பத்தூர், நாச்சியாபுரம், அவ்வளவுதான. மதுரைக்குள்ளயே ஒரு மூலையில இருந்து மறு மூலைக்குப் போக என்ன நேரம் ஆகுது தெரியுமா?” என்று கல் மேல இருந்த தூசியில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அவர் போட்ட கோட்டில் மதுரைக்கும் நம்ம ஊருக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை.

மதுரையில் பைப்பு, மோட்டார் விற்கிற கடை ஒன்றில் அவருக்குக் கணக்கு வேலை. அந்த வேலையை விட முடியாது. ஆனால் அவர் மகளுக்கு இளைப்பு. அவர்கள் குடியிருந்த தெருவில் ஒரு பக்கம் மாவு மில்லு, மறு பக்கம் லாரி நிக்கிற இடம். ராத்திரி முழுக்கப் பிள்ளை உட்கார்ந்தே தூங்குமாம். காத்து நல்லா இருக்கிற இடமாப் பாருங்க என்று டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னதை இவர் அப்படியே பிடிச்சுக்கிட்டார். வேலை மதுரையில் இருக்கட்டும், மூச்சு இங்க இருக்கட்டும். நடுவில் நான் ஓடிக்கிறேன். அவர் போட்ட திட்டம் இதுதான்.

ஓடினார். அதைக் குறை சொல்ல முடியாது. விடியுமுன்னே பைக்கை எடுத்துக்கிட்டுப் போய் மெயின் ரோட்டில் நாச்சியாபுரம் விலக்கில் பூட்டிப்போட்டுட்டு முதல் பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது ஊர் சாப்பிட்டு முடிச்சிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குவார். அப்புறம் காரைக்குடிக்குச் சாமான் வாங்கப் போவார். நம்ம ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. குரல்தான் தெரியும். ஏன்னா, வீட்டை அவர் பஸ்ஸில் இருந்தே நடத்தினார்.

“அண்ணே, மோட்டார் ஓடலையாம், எலக்ட்ரீசியனை அனுப்பி விடுறீங்களா?” “அண்ணே, பால் இன்னும் வரலையாம்.” “அண்ணே, கேஸ் வண்டி அங்குட்டு வந்தா எங்க வீட்டைக் காட்டி விடுங்க.” பின்னால் ஹார்ன் சத்தமும் கண்டக்டர் விசில் சத்தமும் கேட்கும். நான் சிரிச்சுக்கிட்டே, “எங்க சார் இருக்கீக?” என்பேன். “பக்கத்துல வந்துட்டேண்ணே.” எப்பக் கேட்டாலும் அதுதான்.

அவர் வீட்டம்மா நல்ல வாய்க்காரி. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். நானும் தங்கச்சி என்பேன். ஒரு நாள் உங்க அம்மாகிட்டச் சொல்லிச்சு: “எங்க வீட்டுக்காரரு பஸ்ஸுல குடியிருக்காருக்கா. நாங்க அவரு கட்டின வீட்டுல வாடகைக்கு இருக்கோம்.” இன்னொரு தடவை தரையைக் காட்டிச்சு. ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்கத்தான் மினுங்கும். “பாருங்கண்ணே, அடுப்படிக்கு நான் நடக்கிற வழி மினுங்குது. பாப்பா குதிக்கிற இடம் மினுங்குது. இவரு நாற்காலி கிட்ட மட்டும் கல்லு வந்த மாதிரியே கெடக்கு.” அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கோவிச்சுக்கலை. எந்திரிச்சு அந்த இடத்தில் ரெண்டு நடை நடந்து காட்டினார். பாப்பா கை தட்டிச்சு.

பக்கத்துல வந்துட்டேன் என்று போன் வந்ததும் முதல்ல எல்லாம் அந்தம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைக்குமாம். கல் காய்ஞ்சு, புகைஞ்சு, அணைச்சு, மறுபடி வச்சு, அப்புறம் அந்தப் பழக்கத்தை விட்டுருச்சு. ஆனால் பாப்பா விடலை. அப்பா பக்கத்துல வந்துட்டாரு என்று வாசலுக்கு ஓடிப்போய் நிக்கும். நின்னு நின்னு, கேட்டைப் பிடிச்சபடியே தூங்கிப்போகும்.

ஒரு தடவை நான் நேரிலேயே பார்த்தேன். வண்டி வொர்க்ஷாப்பில் கிடந்ததால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். அவர் பக்கத்துச் சீட்டு கிடைச்சது. பஸ் இன்னும் கிளம்பவே இல்லை, டிரைவர் கீழே நின்று டீ குடிச்சுக்கிட்டு இருக்கார். இவர் போனை எடுத்தார். “ஆங், சொல்லும்மா. இதோ, பக்கத்துல வந்துட்டேன்.”

வச்சதும் கேட்டேன். “என்ன சார் இது, வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. இப்படிப் புளுகுறீக?”

அவருக்கு முகம் சுருங்கிப்போச்சு.

“புளுகு இல்லண்ணே. அந்தப் பொட்டக்காட்டுல பிள்ளையை வச்சுக்கிட்டுத் தனியா இருக்கா. நான் தூரத்துல இருக்கேன்னு சொன்னா அவளுக்கு ராத்திரி தூக்கம் வருமா? பக்கத்துல இருக்கேன்னா ஒரு தைரியம். நான் கொடுக்கிறது அது ஒண்ணுதாண்ணே.”

பஸ் மேலூர் தாண்டுறதுக்குள்ள என் தோளில் தலை சாய்ச்சுத் தூங்கிட்டார். வாயைத் திறந்துக்கிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி.

இன்னொண்ணையும் சொல்லணும். அவர் போட்ட திட்டம் பொய்யாப் போகலை. முதல் வருசம் பாப்பாவுக்கு நல்லாவே ஆச்சு. தம்பி, உன்கூட மூணாப்பில் உட்கார்ந்த பிள்ளைதான். வந்த புதுசில் பத்தடி நடந்தால் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஆறு மாசத்தில் உன்னோட கண்மாய்க் கரையில் ஓடி விளையாண்டுச்சு. மருந்தை உறிஞ்சுற அந்தக் குழாயைப் பையிலேயே மறந்து வச்சிருக்கும். அவர் எனக்குப் போன் போட்டார், பஸ்ஸில் இருந்துதான்: “அண்ணே, பாப்பா நேத்து மல்லாந்து படுத்துத் தூங்குச்சுண்ணே.” வேற ஒண்ணும் சொல்லலை. மல்லாந்து படுத்துத் தூங்கினதை ஒரு விசேஷமாகச் சொல்ல ஒரு தகப்பன் போன் போட்டது எனக்கு இன்னும் மறக்கலை.

வீட்டுக்கு மேற்கே ஒட்டினாப்பல ஒரு இடம் கிடந்துச்சு. பூராவும் சீமைக்கருவேலம். ரெண்டாவது வருசம் அதையும் வாங்கினார். முள்ளை எடுத்துட்டு வேம்பும் புங்கையும் வச்சா, மேல்காத்து அதுல பட்டுக் குளிர்ச்சியா வரும், பாப்பா ஜன்னலும் அந்தப் பக்கந்தான இருக்கு என்று சந்தோசமாகச் சொன்னார்.

முள்ளை வெட்டுறதுக்குப் பக்கத்து ஊர் கரிக்காரரிடம் பேசினார். அதுவும் பஸ்ஸில் இருந்து, போனில். உங்களுக்கும் தெரியும், நம்ம பக்கம் முள்ளுக்காட்டைக் கரிக்கு விடுறது வழக்கம். கரிக்காரர் ஆள் வச்சு வெட்டி இடத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துருவார். விறகு அவருக்கு. அதைத் தூக்கிக்கிட்டு வேற எங்கேயும் போறதில்லை. வெட்டின இடத்திலேயே துண்டு போட்டு அடுக்கி, தழையைப் போட்டு, மேல ஈரமண்ணைப் பூசி மூட்டம் போடுவார்கள். உள்ளுக்குள்ளேயே கனன்று கனன்று, ஒரு வாரம் பத்து நாள் புகையும். அப்புறம் பிரிச்சுக் கரியை மூட்டை கட்டுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கிறதில்லை. ஆடு வாங்கினவனிடம் அது கத்தும் என்று யார் சொல்லுவா?

அவருக்குத் தெரியாது. விறகை லாரியில் ஏத்திக்கிட்டுப் போய் எங்கேயோ ஒரு சூளையில் போட்டு எரிப்பார்கள் என்று நினைச்சிருக்கார். கரிக்காரர் கேட்டது, “நாளைக்கு ஆளை இறக்கவா சார்?” அவர் சொன்னது, “தாராளமா இறக்குங்க.” அவ்வளவுதான் பேச்சு. நம்ம ஊர்க்காரர்களும் வெட்டுறதைப் பார்த்தாங்க, அடுக்குறதைப் பார்த்தாங்க. இடத்துக்காரரே சொன்ன பிறகு நம்ம என்ன கேக்க என்று இருந்துட்டாங்க. அந்தம்மா விறகு அடுக்குறதைப் பார்த்துட்டு, லாரி வரப்போகுது போல என்று நினைச்சுச்சாம். நான் அந்த வாரம் பூராவும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கல் லோடு அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

மூட்டத்துக்கு நெருப்பு வச்சது ஆடி மாசம், ஒரு வேலை நாள் காலையில். ஆடியில் மேல்காத்து எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தியானத்துக்குள் வெள்ளைப் புகை எந்திரிச்சு நேரா அந்த வீட்டுக்குள்ள போயிருக்கு. அந்தம்மா ஜன்னலை எல்லாம் சாத்தி, கதவடியில் ஈரத்துணியைச் சொருகியிருக்கு. பள்ளிக்கூடம் விட்டுப் பாப்பா அந்தப் புகையோடயே நடந்து வந்திருக்கு. வந்து உட்கார்ந்தது எந்திரிக்கலை. குழாயை வச்சு உறிஞ்சியும் நிக்கலை.

அந்தம்மா அவருக்குப் போன் போட்டுச்சு. எடுத்தார். “பதறாத. பெர்மிஷன் போட்டுட்டு வந்துக்கிட்டு இருக்கேன். இதோ பக்கத்துல வந்துட்டேன்.”

ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடலாம் என்று இருந்துச்சாம். அவர்தான் பக்கத்தில் வந்துட்டாரே, பைக்கில் தூக்கிக்கிட்டுப் போயிறலாம் என்று போனை மடியில் வச்சுக்கிச்சு. பிள்ளையை எடுத்துக்கிட்டு, புகை கொஞ்சம் குறைச்சலா இருந்த கேட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்துச்சு. அக்கம்பக்கம் சனம் பூரா நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிருந்துச்சு, உங்க அம்மாவும்தான். முக்கால் மணி நேரம் பொறுத்து மறுபடி போன். “திருப்பத்தூர் தாண்டிட்டேம்மா. பாப்பா கிட்டக் குடு. பாப்பா, அப்பா பக்கத்துல வந்துட்டேன்டா.”

நான் அப்பத்தான் தஞ்சாவூரில் இருந்து வெறும் வண்டியோடு வந்தேன். தூரத்திலேயே புகையைப் பார்த்துட்டு, யார்ரா வீட்டு ஓரத்துல மூட்டம் போட்டது என்று வைதுக்கிட்டே அங்குட்டு வண்டியைத் திருப்பினேன். கேட்டில் அந்தம்மா. மடியில் பாப்பா. உதடு நாவல்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு.

“என்னம்மா இது! ஏறு, ஏறு வண்டியில!”

“அவரு வந்துட்டாருண்ணே. பக்கத்துல வந்துட்டாரு.”

“வந்தா பின்னாடி வரட்டும், நீ ஏறும்மா!”

கையைப் பிடிச்சு இழுத்துத்தான் ஏத்தினேன். நாச்சியாபுரம் விலக்கு வந்ததும் மெயின் ரோட்டில் திரும்பினேன். அங்க அவர் பைக் காலையில் பூட்டினபடியே நின்னுச்சு. அந்தம்மா திரும்பி, கண்ணுக்கு மறையிற வரைக்கும் அதையே பார்த்துச்சு. “பைக் நிக்குது” என்று மட்டும் சொல்லிச்சு. என்கிட்டயும் இல்லை, யார்கிட்டயும் இல்லை. காரைக்குடி போகிற வரைக்கும் பாப்பா நெஞ்சு ஏறி ஏறி இறங்குற சத்தம்தான் இன்ஜின் சத்தத்துக்கு மேல கேட்டுச்சு.

காரைக்குடி செக்காலையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் ஆக்ஸிஜன் மாட்டி, கையில் ஊசி குத்தி, உள்ளே கொண்டு போயிட்டாங்க. டாக்டர் வெளியே வந்து, “ஏம்மா இவ்வளவு நேரம் வீட்ல வச்சிருந்தீங்க?” என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்று ஆரம்பிச்சவர், அந்தம்மா முகத்தைப் பார்த்துட்டுப் பேச்சை முடிக்காமல் போயிட்டார்.

நான் போன் போட்டுச் சொல்லி, அவர் வந்து சேர்ந்தப்ப விளக்குப் போட்டிருந்தாங்க. சட்டை பூரா வேர்வை. பாப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் சீராயிருந்துச்சு. அதைப் பார்த்துட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டுச்சு.

“முதல்ல போன் பண்ணினேன்ல. அப்ப எங்க இருந்தீங்க?”

“கடையில.”

“ரெண்டாவது தடவை?”

“மேலூர்.”

அந்தம்மா அழலை, சண்டையும் பிடிக்கலை. “மேலூர்னு சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேன்ல” என்று சொல்லிட்டு உள்ளே போயிருச்சு.

மறுநாள் காலையில் பாப்பாவுக்குத் துணிமணி எடுக்க அவரை நம்ம வண்டியில் கூட்டிக்கிட்டு வந்தேன். வேலை நாளில் பகல் வெளிச்சத்தில் அவர் நம்ம ஊருக்குள்ள வந்தது அன்னைக்குத்தான் என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போகாமல் நேராக மூட்டத்துக்குப் போனார். மண்ணைப் பிடிச்சுத் தள்ளப் பார்த்தார். கரிக்காரர் ஓடி வந்து கையைப் பிடிச்சார்.

“பிரிக்காதீக சார், பிரிச்சா காத்துப் பட்டுக் குப்புனு பத்திக்கிரும், வீடும் சேந்து போயிரும். தானா அணையணும் சார். நீங்கதான சார் சொன்னீக? பிள்ளைக்கு இப்படின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போடுவேனா? எனக்கும் பேத்தி இருக்கு சார்.” அந்தப் பெரிய மனுசன் தலையில் அடிச்சுக்கிட்டு அழுதார்.

மதுரை சார் கையை எடுத்துட்டு அங்கேயே குத்தவச்சு உட்கார்ந்துட்டார். புகை அவர் மேல போய்க்கிட்டே இருந்துச்சு. ஆடு பத்திக்கிட்டு வந்த கிழவி ஒண்ணு, அவரைப் பார்த்து நின்னு, வெள்ளந்தியாகக் கேட்டுச்சு: “யாரு வீட்டுக்கு வந்திருக்கீக தம்பி?”

அவர் அந்த வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “அந்த வீட்டுக்குத்தான் ஆத்தா.”

“அவுக ஆஸ்பத்திரிக்குல்ல போயிருக்காக, பாவம். பிள்ளைக்கு முடியலையாம்” என்று சொல்லிட்டு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு.

பாப்பா பிழைச்சுக்கிச்சு. ஆனா அந்த வீட்டுக்குத் திரும்பி வரலை. ஆஸ்பத்திரியில் இருந்து நேரா மதுரைக்கு, அந்தம்மா பிறந்த வீட்டுக்குப் போயிட்டாங்க. சாமானை நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். வீட்டுச் சாவியை என்கிட்டக் கொடுத்தார். விக்கவும் இல்லை, வாடகைக்கு விடவும் இல்லை. அந்த இடத்தில் வேம்பும் இல்லை, புங்கையும் இல்லை. வட்டமாகக் கருத்துக் கிடக்கு, அதைச் சுத்தி மறுபடியும் முள்ளு துளுத்துருச்சு.

அதுக்கப்புறம் அவர் எப்பவாவது பேசுவார். ஒரு மாற்றம் பார்த்தேன். எடுத்ததும் எங்கே இருந்து பேசுறார் என்பதைச் சொல்லிருவார். “அண்ணே, கடையில மாடிப்படியில உட்கார்ந்திருக்கேன்.” “அண்ணே, கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கிறேன்.” நான் கேட்கிறதே இல்லை. அவரே சொல்லுவார்.

ஆத்தா, மதுரைக்குப் போகாதே என்று சொல்றதுக்காக இதை எழுதலை. போ. தினம் போயிட்டுத் தினம் வா. நீ எங்க நிக்கிறியோ அதைச் சொல்லு. எங்களுக்குத் தைரியம் கொடுக்கிறதுக்காக ஒண்ணும் சொல்லாதே. பயந்தாலும் பரவாயில்லை, நாங்க பயந்துக்கிறோம்.

தம்பி கேலி பேசின மறுநாள்தான் அவர் போன் வந்துச்சு. “அண்ணே, வீட்டு மாடியில நின்னு பேசுறேன். பாப்பா பெரிய பிள்ளையாயிருச்சு. பரீட்சை லீவுக்கு நம்ம வீட்டுக்குப் போவோம்னு அடம் பிடிக்குது. அவ அம்மா கூடாதுங்குறா. காத்து எப்படிண்ணே இருக்கு? நீங்க சரின்னு சொன்னா கூட்டிட்டு வர்றேன். நீங்க வேணாம்னா வேணாம்.”

பாத்துச் சொல்றேன் சார் என்றேன்.

மத்தியானம் நீங்க பள்ளிக்கூடத்தில் இருந்தப்ப சாவியை எடுத்துக்கிட்டுத் தனியாகப் போனேன். பாப்பா அறையில் மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தேன். கண்மாய்க்கு அங்குட்டு எங்கேயோ மெல்லிசா ஒரு புகை நின்னுச்சு. மூட்டமா, யாரும் வைக்கோல் எரிக்கிறாங்களா, தெரியலை. மூச்சை நல்லா இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியலை. பிறந்ததில் இருந்து இந்தக் காத்தையே இழுத்தவன் மூக்குக்கு அது நல்ல காத்தா, கெட்ட காத்தா என்று எப்படித் தெரியும்? ஒரு பிள்ளையின் மூச்சுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். உங்க அம்மா அன்னைக்குத்தான் நீலம் போட்டு அலசின வெள்ளைத் துண்டு. கரி படிஞ்சா வெள்ளையில் தெரிஞ்சுரும் என்று, பின்னால் குழாயில் நனைச்சுப் பிழிஞ்சு, ஜன்னல் கம்பியில் நாலு முனையும் இழுத்துக் கட்டினேன். ஜன்னலைத் திறந்தபடியே விட்டுட்டு, வீட்டைப் பூட்டிக்கிட்டு வந்தேன்.